புல்லோடு போன மண்

திலகவதி கல்யாணமாகி வந்த வருஷம், கோடை நெல்லுக்கான சொர்ணவாரிப் பட்டத்தில், முதன்முதலாகச் சேற்றில் இறங்கினாள். இறங்கியதும் அவளுக்குப் பயம்தான் வந்தது. அவள் பிறந்த ஊர் ஊத்துக்கோட்டைக்கு மேற்கே. அங்கே வேர்க்கடலை. மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், பெய்த மழை உள்ளே இறங்கிவிட வேண்டும், அப்போதுதான் காய் பிடிக்கும். ஈரம் காயாமல் யாராவது ஏர் பூட்டினால் அவள் அப்பா மாட்டை அவிழ்க்கச் சொல்லிக் கத்துவார். இங்கே கவரைப்பேட்டைப் பக்கம், ஏரிக்குக் கீழே இருந்த ஒன்றரை ஏக்கரில், அவள் புருஷன் துளசிராமன் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே உழுதார். நான்கு முறை உழுதார். கட்டியாக இருந்த மண் உடைந்து, பொடியாகி, பொடியும் கரைந்து, கடைசியில் கையில் அள்ளினால் விரலிடுக்கில் மோர் போல வழிந்தது.

மண்ணைக் கொன்றுவிட்டீர்களே என்று அவள் கேட்டாளாம். அதைத் துளசிராமன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அவளைக் குனியச் சொல்லி, கையைப் பிடித்துச் சேற்றுக்குள் இறக்கினார். ஒரு சாண் ஆழத்தில் விரல் நின்றது. கீழே அம்மிக்கல் போல வழுவழுவென்று ஒரு தரை. மாட்டுக் குளம்பும் கலப்பை அடியும் எத்தனையோ காலமாக அழுத்தி அழுத்தி உண்டானது. அந்தத் தரை இருப்பதால்தான் தண்ணீர் கீழே ஓடாமல் நிற்கிறது, அதன்மேல் ஒரு சாண் சேறு இருப்பதால்தான் நாற்று வேர் விடுகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவில் விளக்கினார்.

"கீழ கீறது சட்டி, மேல கீறது கொழம்பு. உங்க ஊர்ல சட்டியே இல்ல. அதான் நீங்க வேர்க்கல்ல துன்னுகினு கீறீங்க" என்றார்.

அவள் பதிலுக்கு ஏதோ சொல்லியிருப்பாள். அது யாருக்கும் நினைவில்லை. ஆனால் சேறு அவளுக்குப் பிடித்துப்போனது. ஐந்தாறு வருஷத்தில் துளசிராமனே அவளைக் கேட்டுத்தான் நடவுக்கு ஆள் சொன்னார். உழுது முடித்த வயலில் அவள் நாலு அடி நடப்பாள். கால் இறங்கும்போது எப்படி இருக்கிறது, எடுக்கும்போது என்ன சத்தம் வருகிறது, எடுத்த குழி எவ்வளவு நேரத்தில் மூடுகிறது என்று பார்ப்பாள். நாளைக்கு நடலாம், இல்லை இன்னும் ஒரு சால் ஓட்டு என்பாள். அதில் அவள் தவறியதில்லை.

வெகுநாள் கழித்து ஒரே ஒரு மகன் பிறந்தான், அன்புசெல்வன். அவனுக்குப் பத்து வயதாகும்போது ஜி.என்.டி. ரோட்டில் ஒரு லாரி துளசிராமனை அடித்துவிட்டுப் போனது. நிலத்தை விற்றுவிட்டுத் தாய் வீட்டுக்கு வரச் சொல்லித் திலகவதியின் அண்ணன்கள் வந்தார்கள். அவள் அப்போது நவரை நடவுக்கு நாற்று விட்டிருந்தாள். நாற்றைப் பறித்து நட்டுவிட்டு யோசிக்கிறேன் என்று சொன்னாள். அப்புறம் யோசிக்கவில்லை. சின்னராசுவின் டிராக்டரை வாடகைக்குப் பிடித்து உழுதாள். சின்னராசுவின் பெண்டாட்டி விக்டோரியா, காலனியிலிருந்து பத்துப் பெண்களைக் கூட்டிவந்து நட்டாள். பதிமூன்று வருஷம் இப்படியே ஓடியது. அந்த நெல்லில்தான் அன்பு பாலிடெக்னிக்கில் சிவில் படித்தான்.

காலனிப் பெண்கள் ஒவ்வொருவராக வயலை விட்டுப் போனார்கள். விடிவதற்குள் கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து நிற்கும். விக்டோரியா கடைசியாகப் போனாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தோட்ட வேலை, நீலச் சீருடை, கழுத்தில் அட்டை. வயலில் வேலை செய்த காலம் முழுக்கத் திலகவதியை "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். சீருடை போட்ட முதல் வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது "இன்னாக்கா, நல்லாகீறியா" என்றாள். திலகவதிக்கு முதலில் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது பிடித்துப்போய்விட்டது.

நட ஆளில்லாத ஒரு பட்டம் நிலம் சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில் குணா வந்தான். கார்பெட் புல் புரோக்கர். தொழிற்சாலை வாசலிலும் புது அபார்ட்மெண்ட் முன்னாலும் பச்சையாக விரிக்கிற புல். நெல் வயலில் அதை வளர்த்து, நன்றாகப் பின்னிக்கொண்டதும் ஒரு சதுர அடி துண்டு துண்டாக மண்ணோடு சீவி எடுத்து லாரியில் ஏற்றிவிடுவார்கள். துண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் பீஸ். உழவு, உரம், ஆள் எல்லாம் குணாவுடையது. நிலமும் தண்ணீரும் மட்டும் திலகவதியுடையது.

அவள் மகனைக் கேட்டாள். அன்பு அப்போது ஒரு மண் பரிசோதனைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தொழிற்சாலை கட்டும் இடங்களில் மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளந்து சான்று கொடுக்கும் வேலை. புல் நிலத்துக்கு நல்லது என்றான். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், துகள்களை ஒட்டவைத்துச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கும், உருண்டைகளுக்கு நடுவில் காற்றும் தண்ணீரும் போகும், வருஷாவருஷம் சேறடித்துக் கெடுத்த மண் நாலு வருஷம் புல்லில் இருந்தால் தேறிவிடும் என்றான். படித்ததைத்தான் சொன்னான். அது சரியும்கூட.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"புல்லு போனா போவட்டும். கூட மண்ணும் போவுதே நைனா?"

"ஒரு இன்ச்சுதாம்மா. எரு கொட்டுனா சரியாயிடும்."

அவன் தொழிலில் எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். வேரும் மட்கும் கலந்த மேல்மண்ணை ஆறு அங்குலம் சுரண்டித் தூர எறிய வேண்டும். கட்டடம் தாங்கும் மண் அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. மேல்மண் என்றால் அவனுக்குக் குப்பை, அதில் ஒரு அங்குலம் ஒரு கணக்கே இல்லை. தங்கிப்போகிற புல்லைப் பற்றிப் படித்ததை, மண்ணோடு சீவி விற்கிற புல்லுக்குப் பொருத்திவிட்டான். திலகவதிக்கு உள்ளே ஏதோ இடறியது. ஆனாலும் படித்த பிள்ளை சொல்கிறான் என்று கையெழுத்துப் போட்டாள்.

நாலு வருஷத்தில் எட்டு முறை சீவினார்கள். பீஸ் மட்டமாக வர வேண்டும் என்று குணாவின் ஆட்கள் வாரத்துக்கு இருமுறை ஈரத்தின் மேலேயே ரோலர் ஓட்டினார்கள். முதலிரண்டு வெட்டுக்குப் பிறகு இரண்டு லோடு எரு வந்தது. அப்புறம் வரவில்லை. திலகவதி தினமும் வரப்பில் நடந்தாள். வரப்பு உயர்ந்துகொண்டே வருவதுபோல இருந்தது. வரப்பை யாரும் கட்டவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் வரப்பிலிருந்து வயலுக்குள் இறங்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. பக்கத்து வயல்காரர் பச்சையப்பன் அதைப் பார்த்துவிட்டு, ஏணி போடட்டுமா என்று கேட்டார். அவர் வயலில் கட்டிய தண்ணீர் இவள் வயலில் கசிந்து இறங்குகிறது என்று அவருக்குக் கோபம்.

அந்த வருஷக் கடைசியில் பெரிய மழை. ஊரில் எல்லா வயலும் வடிந்தது, இவளுடையது மட்டும் ஒன்றரை மாதம் குட்டையாக நின்றது. வடிந்தபோது புல் அழுகியிருந்தது. குணா மறுபடி புல் ஊன்றிப் பார்த்தான். அது வேர் பிடிக்கவில்லை, கையால் தூக்கினால் மேலோடு வந்தது. இந்த நிலம் செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டு அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

போனது போகட்டும், இனி நெல் நடலாம் என்று திலகவதி கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தாள். சம்பாவுக்கு நாற்று விட்டாள். சின்னராசு டிராக்டரை இறக்கினான். இரும்புச் சக்கரம் கட்டி நாலு சால் ஓட்டினான். வண்டி எங்கும் இறங்கவில்லை, ரோட்டில் ஓடுவதுபோல ஓடியது. கலப்பை பெயர்த்ததெல்லாம் தட்டுத் தட்டாக, ஓடு உடைந்த மாதிரி வந்தது. தண்ணீரில் இரண்டு நாள் ஊறியும் தட்டின் ஓரம் மட்டும் கரைந்து வழுக்கியது, நடு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, நல்ல புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு, விக்டோரியா ஐந்து பேரோடு நட வந்தாள். கூலிக்கு இல்லை, பழைய பழக்கத்துக்கு. முதல் வரிசை நட்டு இரண்டாம் வரிசைக்குப் பின்னால் நகர்வதற்குள் முதல் வரிசை மிதந்தது. பெருவிரலால் அழுத்தி நாற்றை ஊன்ற வேண்டும். விரல் இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை. விக்டோரியா நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நகம் பேந்துடும் போல கீது. இன்னா இது, சிமெண்டு கொட்டிகினியா?"

"இன்னும் ஒரு சால் ஓட்டுனா..."

"எத்தினி சால் ஓட்டுனாலும் இல்லாதது எங்கேந்து வரும்? உன் சேறு மொத்தமும் எங்க கம்பெனி கேட்டாண்ட படுத்துகினு கீது. நான்தான் டெய்லி தண்ணி வுடறேன்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். விக்டோரியாவும் சிரித்தாள். திலகவதியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். குணா அந்தத் தொழிற்சாலைக்குப் புல் போட்டபோது லாரியில் வந்த ஆட்களே ஊர்ப் பெயரைச் சொன்னார்களாம். அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தாளாம். சாயங்காலத்துக்குள் நாற்று முழுக்க மடை ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. திலகவதி அதை அள்ளிப் பச்சையப்பன் மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. தொழிற்சாலைகளில் அன்று மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, வேலை செய்பவர்களின் வீட்டாரையும் உள்ளே விடுவார்கள். விக்டோரியாவோடு திலகவதியும் போனாள். பொரி, கடலை, ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். குழந்தைகள் ஃபோர்க் லிஃப்ட் மேல் ஏறி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். திலகவதி அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த புல்வெளியின் ஓரத்தில் போய் நின்றாள். சுற்றிலும் சிமெண்ட் விளிம்பு கட்டியிருந்தது. யாரும் நடக்காத புல். மூன்று வருஷமாக அதைச் சீவவும் இல்லை, உழவும் இல்லை, ரோலர் ஓட்டவும் இல்லை. நுனியை மட்டும் வெட்டிவிட்டு, தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் குனிந்து புல்லை ஒதுக்கி ஆள்காட்டி விரலை அழுத்தினாள். முழுசாக உள்ளே போனது. விரலை எடுத்தபோது மண் ஒட்டியிருந்தது. சேறாக இல்லை, மாவாக இல்லை, கேழ்வரகு கேழ்வரகாக உருண்டை. ஊத்துக்கோட்டைப் பக்கம் அவள் அப்பா கையில் வைத்துக் காட்டுவாரே, அந்த மாதிரி. ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது. அன்பு அன்றைக்குச் சொன்னது அத்தனையும் சரி. அவன் சொன்னபடியே நடந்திருக்கிறது. அவள் நிலத்தில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

செக்யூரிட்டி வந்து, புல்லை மிதிக்காதீங்கம்மா என்று மரியாதையாகத்தான் சொன்னான். அவள் சரிப்பா என்று சொல்லிவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில் விக்டோரியா பேசிக்கொண்டே வந்தாள். திலகவதி ஸ்வீட் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவரைப்பேட்டையில் இறங்கினார்கள். அன்புகிட்ட நடவைப் பற்றியும் இந்தப் புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாதே என்றாள்.

சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது. அவன் அப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு யார்டு வேலையில் இருந்தான். நடவு மிதந்த செய்தியை சின்னராசு போனில் சொல்லிவிட்டான். அந்த ஞாயிறு அன்பு வந்தான். வேலைக்கு எடுத்துப்போகும் இரும்பு உருளையை வயலில் சுத்தியலால் அடித்து இறக்கி, மண்ணை வெட்டி எடுத்துக் கொண்டுபோனான். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"இறுக்கம் ஒன்னு புள்ளி ஏழு ரெண்டும்மா. எங்க வேலையில இது பாஸ். இதுமேல லாரி ஓட்டலாம்."

"உனுக்கு பாஸு. நெல்லுக்கு?"

 திலகவதி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை. நீதானே சொன்னாய் என்று அவள் சொல்லியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் அதைச் சொல்லவே இல்லை. விக்டோரியா ஒருமுறை அவனைப் பார்த்து, இன்ஜினீயரு ஊட்டு நெலம் ரோடாப் பூட்ச்சே என்றபோது, பையனைப் பேசாதே என்று அவள் வாயை அடைத்தாள். திட்டாத அம்மாவுக்கு முன்னால் அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதை அவள் கவனித்தாள். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"எத்தினி வருசம் ஆவும் நைனா, பழையபடி வர?"

அவன் எண்ணில் பொய் சொல்லிப் பழகாதவன். எதையும் சீவாமல், உழாமல், வேரும் தழையும் அங்கேயே மட்கும்படி விட்டால் இருபது வருஷம் என்றான். எரு, தக்கைப்பூண்டு எல்லாம் போட்டுக் கவனித்தால் பத்து.

"எனுக்கு அம்பத்தாறு" என்றாள். "பாக்கலாம்."

பார்த்தாள். தக்கைப்பூண்டு விதைத்தாள். அது தண்ணீர் நின்றாலும் சாகாது, வேரை ஆழமாக இறக்கும். ஆளுயரம் வளர்ந்ததும் அங்கேயே மடக்கிவிட்டாள். கோடையில் தானாக முளைத்த கோரையையும் அருகையும் பிடுங்கவில்லை. பச்சையப்பனின் மாடுகளைக் கோடையில் மேயவிட்டாள், சாணம் அங்கேயே விழட்டும் என்று. முதல் மழை பெய்ததும் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னாள். ஈரத்தில் குளம்பு பட்டால் மண் மறுபடி இறுகி, விட்ட இடத்துக்கே வந்துவிடும். பச்சையப்பனுக்கு இது விளங்கவில்லை. புல் நிறைய இருக்கும்போது துரத்துகிறாள், காய்ந்திருக்கும்போது கூப்பிடுகிறாள், இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் சொன்னார். அவள் அதைக் கேட்டு ரசித்தாள். மாதம் ஒருமுறை வயலில் ஒரே இடத்தில் விரலை அழுத்திப் பார்ப்பாள். முதல் வருஷம் நகக்கண் வரை. இரண்டாம் வருஷம் முதல் கணு.

இரண்டாம் வருஷக் கோடையில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். வயிற்றில் கட்டி, நாள் கடந்துவிட்டது. டாக்டர் அன்புவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன மாதக் கணக்கை அவள் அவன் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்துகொண்டாள். ரயிலில் திரும்பி வந்தார்கள். பொன்னேரி தாண்டியதும் கேட்டாள்.

"இந்த சம்பாவுக்கு நட்டுடு நைனா. கொஞ்சம் எளகியிருக்குது, நான் பாத்தேன். நட்டது நிக்குதுன்னு கேட்டா போதும் எனுக்கு."

அவளுக்கு வேறு ஆசை இல்லை. அவள் கைக்கு நல்லபடியாக வந்த நிலம், அவள் காலத்தில்தான் கெட்டது. அது கெட்டபடியே இருக்க, தான் போகக் கூடாது. அன்பு நடுகிறேன் என்றான். முதல் கணு அளவு மண்ணில் நெல் நிற்காது என்பது அவனுக்குத் தெரியும்.

வேலைக்கு லீவு போட்டான். ஏரி வண்டல் எடுக்க மனு கொடுத்து, பதினைந்து லோடு கொட்டினான். நேரமில்லை. பத்து வருஷ வேலையை இரண்டு மாதத்தில் செய்யப் பார்த்தான். சின்னராசு உழுதான். விக்டோரியா கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஆட்களோடு வந்தாள். அதற்குள் திலகவதிக்கு எழுந்து நடக்க முடியாமல் போயிருந்தது. கட்டிலில் படுத்தபடியே, தெருவில் போகும் டிராக்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது ஒரு சத்தம், சேறு அப்பிய சக்கரத்தோடு திரும்பும்போது வேறு சத்தமாக இருக்கும். அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

மத்தியானம் தாண்டி அன்பு வந்தான். அவள் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நட்டாச்சும்மா."

"சேறு எப்டி கீது?"

"முட்டிக்கால் வரைக்கும் எறங்குது."

நடவிலிருந்து வருபவர்களின் முகத்தை அவள் என்றைக்கும் முதலில் பார்த்ததில்லை. காலைத்தான் பார்ப்பாள். எவ்வளவு ஆழச் சேற்றில் நின்றார்கள் என்று காலில் ஒரு கோடு எழுதியிருக்கும். நல்ல வயல் என்றால் அது கெண்டைக்காலுக்கு மேலே இருக்கும். அன்புவின் வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. கோடு கணுக்காலிலேயே நின்றிருந்தது. அதற்கு மேலே, அவன் அப்பாவைப் போலவே ரோமம் அடர்ந்த கால், வெயிலில் காய்ந்து சுத்தமாக இருந்தது. பெருவிரல் இடுக்கில் ஒரு நாற்று ஒட்டிக்கொண்டிருந்தது. மிதந்து வந்து ஒட்டிய நாற்று.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் காலைப் பார்த்துக்கொள்ள அவனுக்குத் தோன்றவில்லை. பதினோரு வருஷமாக அறிக்கையில் ஒரு புள்ளிகூட மாற்றி எழுதாத பிள்ளை. அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை, கண் சிவந்திருந்தது.

திலகவதி கண்ணை அவன் காலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"அப்ப செரி" என்றாள். "தண்ணிய ரொம்ப கட்டாத. எள நாத்து. காலக் கழுவிகினு வா, சாப்புடு."

அன்று அவன் சாப்பிட்டான். நெடுநாளைக்குப் பிறகு இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து தினமும் அவள் பயிரைப் பற்றிக் கேட்டாள். அவன் பதில் சொல்ல முடிகிற மாதிரியே கேட்டாள். பச்சை பிடித்ததா என்று எட்டாம் நாள். தூர் கட்டுகிறதா என்று இருபதாம் நாள். அவன் கட்டுகிறது என்றான். எத்தனை தூர் என்றாள். பன்னிரண்டு என்றான். அவள் சிரித்துவிட்டு, அவ்வளவு வராது, எட்டு இருக்கும், நீ தப்பாக எண்ணியிருப்பாய் என்றாள். மறுநாள் அவன், ஆமாம்மா, எட்டுதான் என்று திருத்திச் சொன்னான். களை எடுக்கச் சொன்னாள். மேலுரம் போட நாள் சொன்னாள். மழை வலுத்த இரண்டு நாள் கடைமடையைத் திறந்துவிடச் சொல்லி அவனை அனுப்பினாள். அவன் குடையை எடுத்துக்கொண்டு போய், போக இடமில்லாமல், ஏரிக்கரையில் நின்றுவிட்டு வந்தான்.

வயலில் மடை ஓரமாக, வண்டல் கொஞ்சம் தடிமனாக விழுந்த மூலையில், மூன்று சென்ட் அளவுக்கு நாற்று நின்றது. மற்ற இடமெல்லாம் தண்ணீர்.

விக்டோரியா ஒரு நாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். திலகவதி அவளிடமும் கேட்டாள். விக்டோரியா யாருக்கும் பயந்து பேசுகிறவள் இல்லை. கட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்த அன்புவை ஒரு பார்வை பார்த்தாள்.

"பச்சப் பசேல்னு கீதுக்கா" என்றாள்.

"உங்க கம்பெனி புல்லு மாதிரியா?"

"அத்த வுட நல்லா கீது."

சொல்லிவிட்டு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. திலகவதி அவள் முழங்கை மேல் கை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

ஐம்பதாம் நாளுக்குப் பிறகு பேச்சு குறைந்தது. மருந்து மயக்கத்தில் கிடந்தாள். விழித்தால் முதலில் அன்புவைத் தேடுவாள். கார்த்திகை பிறந்து நாலாம் நாள் சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"பொதி கட்டிடுச்சா?"

கதிர் உறைக்குள் திரண்டு நிற்கும் பருவம். அன்பு மனதுக்குள் நாளை எண்ணினான். சரியாகத்தான் கேட்கிறாள்.

"கட்டிடுச்சிம்மா."

"இப்பதான் தண்ணி காயக் கூடாது. பாத்துக்க."

"பாத்துக்கறேன்."

"பொறத்தியாருக்கு வுடாத. நீயே பாத்துக்க" என்றாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

விடியற்காலையில் அவள் போய்விட்டாள். அறுவடைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.